ஜன்னல் இல்லாத அறை

"போறதுக்கு முன்னாடி ஒருதடவ போயிட்டு வந்துரணும், தம்பி" என்பார் அண்ணாச்சி. முதலில் அவர் இதைச் சொன்னபோது எனக்குப் புரியவில்லை. ஷார்ஜாவில் ஒரு பல் டாக்டர் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை நேரம் கொடுத்திருந்தார். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே பஸ் ஏறிப் போய், பூட்டிக் கிடந்த ஆஸ்பத்திரிக் கதவைப் பார்த்துவிட்டு, எதிர்க்கடையில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். "வாசப்படி பதினாலு. லிப்டுல மூணு பேருக்கு மேல நிக்க முடியாது" என்று சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றினார். பல் வலி அவருக்கு. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது எங்களுக்கு.

துபாயில் மெட்ரோ வராத காலம் அது. சத்வாவில் ஒரு பழைய வில்லாவைப் பலகை வைத்துத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். அதில் ஒரு தடுப்புக்குள் நாங்கள் எட்டுப் பேர். ஆறு பேர் அண்ணாச்சியைப் போலத் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். நான் ஒருவன்தான் தஞ்சாவூர்ப் பக்கம். விசா ஃபாரம், லேபர் கார்டு, வாடகை ஒப்பந்தம் என்று யார் எதைக் கேட்டாலும் தட்டிக் கொடுக்கும் டைப்பிங் சென்டரில் எனக்கு வேலை. அண்ணாச்சி ஒரு கட்டடக் கம்பெனியில் சர்வேயர்.

அவர் வேலையை ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டினார். வெறும் மணல். நாலு பக்கமும் தகர வேலி. நடுவில் மூன்று கால் வைத்த கருவி. அண்ணாச்சி அந்த மணலில் நடந்த விதம்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது. நேராகப் போகமாட்டார். இல்லாத சுவரைச் சுற்றிக்கொண்டு போவார். இல்லாத கதவுக்கு முன்னால் ஒரு நொடி தயங்கி உள்ளே நுழைவார். "இப்ப நீ நிக்கது லிப்டுக்குள்ள. ரெண்டு அடி இங்குட்டு வா, வராந்தாவுக்கு வந்திருவ" என்றார். நானும் ஏதோ பயந்தவன் மாதிரி ரெண்டு அடி தள்ளி வந்தேன். பிறகு வானத்தைக் காட்டி, "அந்தா, ஒரு காக்கா போகுது பாத்தியா, அது முப்பத்தொண்ணாவது மாடி" என்றார். இரண்டு வருஷம் கழித்து ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்க அந்தக் கட்டடத்துக்குப் போனேன். நான் நின்ற இடத்தில் லிப்ட் இருந்தது.

எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்துவிடுகிற இந்த மனுஷருக்கு ஒன்று மட்டும் கைவசமில்லை. தூக்கம். எங்கள் அறையில் இரண்டு பேருக்கு ராத்திரி டூட்டி, மூன்று பேருக்கு விடிகாலை நாலு மணி பஸ். மணிக்கொரு அலாரம் அடிக்கும், விளக்கு எரியும், யாராவது இரும்புக் கட்டிலில் ஏறுவார்கள், இறங்குவார்கள். அண்ணாச்சிக்கு மேல் கட்டில். அவருடைய காதுக்கு ஒரு முழம் தள்ளி ஜன்னல் ஏசி. பழைய லாரி மேடு ஏறுகிற மாதிரி அது உறுமும். நிறுத்தினால் வெந்து போவோம். பதினோரு வருஷமாகத் தொடர்ந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கியதில்லை என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. அளவு சொல்கிற மாதிரி சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் அவர் சைட்டுக்குக் கல் பதிக்கும் வேலையை மேற்பார்வை பார்க்க ஓர் இத்தாலிக்காரர் வந்தார். அறுபதை நெருங்கியவர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் நிழலில் உட்கார்ந்து, பாதி இங்கிலீஷிலும் பாதி கையாலும் பேசிக்கொள்வார்களாம். "நான் குகையில் பிறந்தவன்" என்றாராம் அந்த மனிதர். மத்தேரா என்று ஓர் ஊர். மலைச்சரிவைக் குடைந்து குடைந்து வீடாக்கியிருக்கிறார்கள். அப்பா, அம்மா, ஏழு பிள்ளைகள், ஒரு கோவேறு கழுதை எல்லாருக்கும் ஒரே அறை. அவர் சிறுபிள்ளையாக இருக்கும்போது, இங்கே மனுஷர் வாழக்கூடாது என்று அரசாங்கம் எல்லாரையும் காலி செய்யச் சொல்லிவிட்டது. இப்போது அதே குகைகளைச் சுத்தம் செய்து, கட்டில் போட்டு, விடுதியாக்கிவிட்டார்கள்.

"எங்க ரூமுலயும் எல்லாம் இருக்கு, கழுத ஒண்ணுதான் இல்லன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு" என்றார் அண்ணாச்சி. ஆனால் அவரைப் பிடித்தது அது இல்லை. அந்த மனிதர் கடைசியாகச் சொன்ன ஒரு விஷயம். ஆகஸ்ட் மாத உச்சி வெயிலிலும் அந்தக் குகைக்குள் போர்வை வேண்டும். கதவைச் சாத்தினால் உலகத்தின் சத்தம் ஒன்றும் உள்ளே வராது.

அன்று சாயங்காலம் நேராக என் டைப்பிங் சென்டருக்கு வந்து எதிரே உட்கார்ந்தார். "தம்பி, ஏசி இல்லாமக் குளிருமாம். சத்தமே இருக்காதாம். ஒரே ஒரு ராத்திரி அங்க படுக்கணும்."

வெளியில் இருப்பவர்களுக்கு இது சாதாரண ஆசையாகத் தோன்றலாம். வளைகுடாவில் லீவு என்றால் ஊர்தான். வேறு பேச்சே கிடையாது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற அந்த நாற்பத்தைந்து நாளில் ஒரு நாள்கூட நம்முடையது இல்லை. பிள்ளைக்குக் காது குத்த ஒரு நாள், நிலத்தகராறுக்கு ஒரு நாள், மாமனார் வீட்டுக்கு இரண்டு நாள் என்று எல்லாம் முன்பே பங்கு போட்டிருக்கும். அதில் கை வைத்துத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறவனை எங்கள் ஆட்கள் என்னவென்று பேசுவார்கள் என்று அண்ணாச்சிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "நாலு நாளத் திருடப் போறேன், தம்பி. போக, வர மூணு. படுக்க ஒண்ணு. ரூம்ல ஒருத்தனுக்கும் தெரியப்படாது. ஊர்ல அவளுக்கும் தெரியப்படாது. உம் பிள்ளையளாண சொல்லு" என்றார். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. இருந்தாலும் சத்தியம் செய்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம், சாயங்காலமானால் என் மேசைக்கு எதிரே இருந்த பிளாஸ்டிக் நாற்காலி மத்தேராவாகிவிட்டது. கம்ப்யூட்டரில் மேலேயிருந்து ஊர்களைப் பார்க்கிற வசதி அப்போதுதான் வந்திருந்தது. கடையில் ஆள் குறைகிற நேரம் பார்த்து நாங்கள் அந்த ஊருக்கு மேலே மிதப்போம். சாம்பல் நிறக் கூரைகள், அவற்றுக்கு நடுவே நூல் நூலாகப் படிகள். "இந்தப் படிதான். இதுல எறங்கி, இந்த முக்குல திரும்பணும். இங்க ஒரு சின்னக் கோயில் இருக்கு, அதுவும் குடைஞ்சதுதான்" என்று விரலால் நடப்பார். அந்த விரலோடு நானும் நடந்திருக்கிறேன். வெளியே சத்வா தெருவில் டாக்ஸிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். எனக்கு அது காதில் விழாது.

விடுதிக்கார அம்மாளுக்கு அவர் சார்பில் நான்தான் ஈமெயில் அனுப்பினேன். அவருடைய கேள்விகளைத் தட்ட எனக்கே வெட்கமாக இருக்கும். பக்கத்தில் ஏதாவது மெஷின் ஓடுகிறதா? கட்டிலின் தலைமாடு எந்தத் திசை? காலையில் முகத்தில் வெயில் அடிக்குமா? அந்த அம்மாள் பொறுமைசாலி. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினாள். கடைசிக் கேள்விக்கு, மன்னிக்க வேண்டும் ஐயா, அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது என்று எழுதியிருந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பார்த்தேன். அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ஜன்னலே இல்லையாம்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கடை வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

விசா கொடுக்கிற இடத்தில், ஒரே ஒரு ராத்திரிக்காக எதற்கு இத்தாலி என்று கேட்டார்களாம். "டு ஸ்லீப், மேடம்" என்று சொல்லியிருக்கிறார். கேட்ட பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாளாம். இவர் நாலு பக்கத் திட்டத்தை எடுத்து நீட்டியிருக்கிறார். புதன்கிழமை மத்தியானம் துபாயில் விமானம் ஏறுவது முதல் ரோம், அங்கிருந்து பாரி, பாரியிலிருந்து சின்ன ரயில், அந்த ரயில் ஞாயிற்றுக்கிழமை ஓடாது என்பதால் வியாழக்கிழமை, எல்லாம் நிமிஷக் கணக்கோடு. அவள் நாலு பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் விசா கொடுத்தாளாம். உள்ளேயே சிரித்திருப்பாள், பாவம்.

ஆனால் ஒன்று இருக்கிறது. லீவுக்குப் போகிறவன் வெறுங்கையோடு போக முடியாது. அறையில் இருக்கிற ஒவ்வொருவரும் தன் வீட்டுக்கு ஒரு பார்சல் கொடுத்துவிடுவார்கள். பால் பவுடர், தைலம், சென்ட், பேரீச்சம்பழம், பிள்ளைக்கு பூட்ஸ். ஆறு பேருடைய பார்சலும் சேர்ந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டியாகி, நைலான் கயிறு கட்டி, இருபத்தெட்டு கிலோ ஆனது. அறைக்கு நான்தான் எழுத்தர் என்பதால் ஆறு பெயர்களையும் மார்க்கர் பேனாவால் பெட்டியின் மேல் எழுதினேன். "இத எங்கிட்ட விட்டுட்டுப் போங்க அண்ணாச்சி, திரும்பித் துபாய் வழியாத்தானே ஊருக்குப் போவீங்க, அப்ப ஏர்போர்ட்ல குடுத்துடறேன்" என்று ரகசியமாகச் சொன்னேன். கேட்கவில்லை. "நம்பிக் குடுத்திருக்காவ. எங் கையவிட்டுப் போகப்படாது" என்றார்.

மத்தேராவில் வண்டி போகாது, விடுதிவரை நூற்றுப் பன்னிரண்டு படிதான். அதனால் கடைசி ஒரு மாதம் பக்கத்துக் கட்டடத்தின் ஏழு மாடியையும் தோளில் ஓர் அரிசி மூட்டையோடு ஏறி இறங்கினார். அங்கே காவல் இருந்த பெஷாவர்க்காரர், "பாய், லிப்ட் இருக்கிறதே" என்று தினமும் சொல்வார். "அங்க இல்ல பாய்" என்று இவரும் தினமும் பதில் சொல்வார். எங்கே இல்லை என்று அந்த மனுஷருக்குக் கடைசிவரை தெரியாது.

புதன்கிழமை கிளம்பினார். அறையே வாசலில் நின்று வழியனுப்பியது. என் கையில் மட்டும் திட்டத்தின் நகல் ஒன்றைத் திணித்தார். "நான் எத்தன மணிக்கு எங்க இருப்பேன்னு ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும்லா."

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. விடுமுறை நாள், எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அறைக்குப் பொதுவாக இருந்த மொபைல் அடித்தது. நான் எடுத்துக்கொண்டு வெளிப்படிக்கு வந்தேன்.

"தம்பி, நான் அவிய வீட்டுல இருந்து பேசுதேன். அவிய எங்க தம்பி?"

அண்ணாச்சியின் மனைவி. "டூட்டிக்குப் போயிருக்காரு, அண்ணி" என்றேன்.

"ஞாயித்துக்கெழம வாரேன்னுதான் எங்கிட்ட சொன்னாவ. இங்க என்னடான்னா விடிஞ்சதும் விடியாததுமா நாலு வீட்டுக்காரவ பார்சல் வாங்க வந்து உக்காந்திருக்காவ. புதங்கெழமையே கெளம்பியாச்சுன்னு உங்க ரூம்புல இருக்க அவிய புள்ளைய போன்ல சொன்னாவளாம். இவிய போனு அணைச்சுக் கெடக்கு. அப்பம் ரெண்டு நாளா எங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நூற்றுப் பன்னிரண்டு படிகளை எண்ணி வைத்தவர், பார்சல் கொடுத்தவர்கள் தங்கள் வீட்டுக்குப் போன் செய்வார்கள் என்பதை எண்ணவில்லை. புதன் கிளம்பினால் வியாழன் வீடு, வெள்ளி பார்சல். இது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் மனப்பாடக் கணக்கு. அவர் ஒருவர்தான் ஒரு வருஷமாக வேறோர் ஊரில் நடந்துகொண்டிருந்தார்.

"ஃப்ளைட் மாறியிருக்கும், அண்ணி. பயப்படாதீங்க. நல்லாத்தான் இருக்காரு."

நான் என்ன செய்துவிட்டேன் என்பது சொல்லி முடித்த பிறகுதான் புரிந்தது. இங்கே ஒருவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாங்கள் உடனே ஊருக்குச் சொல்வதில்லை. முதலில் டூட்டி என்போம். அப்புறம் ஃப்ளைட் என்போம். பயப்படாதீங்க, நல்லாத்தான் இருக்காரு என்போம். லேசான காய்ச்சல், ஆஸ்பத்திரி என்று மெல்ல மெல்லக் கொண்டுபோய், கடைசியில் வீட்டில் ஆம்பளை யாராவது இருந்தால் கூப்பிடுங்கள் என்போம். நானே ஒருமுறை ஒரு வீட்டுக்கு அப்படிப் பேசியிருக்கிறேன். இதெல்லாம் ஊரில் இருக்கிற பெண்களுக்கும் தெரியும். நான் தேற்றச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவள் காதில் வேறு மாதிரி விழுந்திருக்கிறது.

"தம்பி, உசுரோட இருக்காவளா? அத மட்டும் சொல்லுங்க" என்றாள். குரல் நடுங்கவில்லை.

சத்தியமாவது ஒன்றாவது. உண்மையைச் சொல்லிவிட்டேன். இத்தாலியில் ஒரு குகையில் ஒரு ராத்திரி படுத்துத் தூங்கப் போயிருக்கிறார் என்றேன். சொல்லும்போதே தெரிந்தது, இதற்கு முன் சொன்ன பொய்களே தேவலை என்று.

"கொகையிலயா?" என்றாள். "ஏன் தம்பி, ஒரு பொம்பளகிட்ட இப்படியா சொல்லுவிய?" சாவைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறேன் என்று நினைத்து அழ ஆரம்பித்தாள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. சட்டைப்பையில் இருந்த திட்டத்தை எடுத்தேன். "அண்ணி, அவர் எழுதினத அப்படியே படிக்கிறேன், கேளுங்க" என்று ஆரம்பித்தேன். "வியாழன் பகல் பதினொன்று ஐந்து, ஸ்டேஷன். பெட்டியை இறக்கி, தோள் மாற்றி, மூன்று நிமிஷம் நிற்க. பதினொன்று முப்பது, படி ஆரம்பம். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. நாற்பதுக்கு ஒருமுறை நிற்கலாம். உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது."

அழுகை நின்றது. நான் படித்துக்கொண்டே போனேன். "அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தியதும் சத்தம் வருகிறதா என்று ஐந்து நிமிஷம் கேட்க. ஒன்பது மணிக்கு விளக்கை அணைக்க. காலை ஆறு வரை தூக்கம். நடுவில் விழிப்பு வந்தால் மணி பார்க்கக் கூடாது."

"அவியதான்" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "கல்யாணம் முடிஞ்ச மூணா நாளு திருச்செந்தூருக்குக் கூட்டிட்டுப் போனாவ. பையில ஒரு சீட்டு. கடல்ல கால் நனைக்க பதினஞ்சு நிமிசம், அவ இன்னும் வேணும்னா பத்துன்னு எழுதியிருந்தாவ. அந்தச் சீட்டு இன்னும் எங்கிட்டதான் இருக்கு, தம்பி."

பிறகு, "ஒம்பது மணி நேரமா எழுதியிருக்காவ?" என்று கேட்டாள். "ஏன் தம்பி, அங்க தூக்கம் கெடையாதா? ஏசி ரூம்புலதான இருக்கேன்னு சொல்லுவாவ. நான் ஊரு பூரா அதத்தான பெருமையாச் சொல்லிட்டிருக்கேன்."

மேல் கட்டிலையும், அலாரங்களையும், அந்த உறுமலையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "இப்ப என்ன செஞ்சுட்டு இருப்பாவ?" என்றாள்.

"இப்ப அங்க காலை அஞ்சு மணி. பிளான்படி தூங்கிட்டிருப்பாரு."

"அப்பம் மெதுவாப் பேசுங்க" என்றாள்.

அவள் குரல் தாழ்ந்துவிட்டது. நானும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். அவர் எங்கேயோ மலைக்குள் படுத்திருக்க, நாங்கள் இரண்டு பேரும் அவர் அறைக்கு வெளியே நிற்பது போல் கிசுகிசுத்துக்கொண்டிருந்தோம். சந்தேகமே வேண்டாம் என்று, "விடுதி நம்பர் இருக்கு அண்ணி, போன் பண்ணிக் கேட்டுடட்டுமா?" என்றேன்.

"வேண்டாம். எழுப்பாதிய. தூங்கட்டும்" என்றாள். பிறகு, "எனக்குத் தெரியும்னு அவியகிட்ட சொல்லீராதிய தம்பி. தனக்குன்னு ஒண்ணு செஞ்சிருக்காவ. அது அவியகிட்டயே இருக்கட்டும்." போனை வைக்கும் முன் திரும்பி யாரிடமோ பேசியது கேட்டது. "ஃப்ளைட்டு மாறிட்டாம். திங்கக்கெழம வாங்க. காப்பி போடுதேன், குடிச்சிட்டுப் போங்க."

லீவு முடிந்து வந்த மறுநாள் அண்ணாச்சி டைப்பிங் சென்டருக்கு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அவராகச் சொல்லட்டும் என்று இருந்தேன்.

"தூக்கம் வரல, தம்பி" என்றார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. எல்லாம் எழுதியபடியேதான் இருந்ததாம். படி நூற்றுப் பன்னிரண்டு. கல்லின் குளுமை. ஜன்னல் இல்லை. கதவைச் சாத்தியதும் உலகமே நின்றுவிட்டதாம். "அந்த அமைதியில காது வலிக்க ஆரம்பிச்சிட்டு. யாராவது இருமமாட்டானான்னு இருந்துச்சு. வெளக்கப் போட்டுட்டு எந்திரிச்சு உக்காந்தேன். எதுக்க பெட்டி இருக்கு. ஆறு பேரும் அதுல இருக்கானுவ. ஒவ்வொரு பேரா வாசிச்சேன். உம் பேரு இல்ல, ஆனா உன் கையெழுத்துலா, அப்பம் நீயும் இருந்தன்னுதான் அர்த்தம். எட்டுப் பேரும் அங்கதான் இருந்தோம்." சிரித்தார். "ஒரு மணி நேரங்கூடத் தூங்கியிருக்க மாட்டேன்."

டீ வந்தது. பாதி குடித்துவிட்டுத் தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஆனா வீட்டுக்குப் போனேன் பாரு, அதுதான் எனக்கு வெளங்கல. எப்பவும் நான் போய் எறங்கினா வாசல் கொள்ளாத கூட்டமாட்டு இருக்கும். அன்னைக்கு ஒரு குஞ்சு குருமான் இல்ல. பிள்ளையள அவ தம்பி வீட்டுக்கு அனுப்பிட்டாளாம். ஜன்னலுக்கெல்லாம் போர்வையக் கட்டி வச்சிருக்கா. உள்ள ஒரே இருட்டு. குளிச்சிட்டுப் படுங்கன்னா. பகல்ல என்னத்துக்குடின்னேன். சும்மா படுங்கன்னுட்டு வெளிய போய்க் கதவச் சாத்திட்டா. முழிச்சுப் பாக்கேன், ஒம்பது மணி நேரம் ஆயிருக்கு. அவ வாசப்படியிலயே உக்காந்திருக்கா, யாரும் வந்து கதவத் தட்டிரப்படாதுன்னு."

தம்ளரை மேசையில் வைத்தார்.

"என் பிளான்ல அது இல்ல, தம்பி. அவளுக்கு எப்பிடித் தோணிச்சுன்னே தெரியல."

"எனக்கும் தெரியலையே, அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, அடுத்து நின்றவரின் விசா ஃபாரத்தைத் தட்ட ஆரம்பித்தேன்.